மேட்ச் நடுவில் சைட் திருப்புவது, பட் பிளேட் நகர்த்துவது: எதுவரை சரி, எங்கே பக்கத்து லேனுக்குத் தொல்லை?

பாம்பன்_லேன்7
எல்லோருக்கும் வணக்கம். நான் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறேன், இன்னும் புதுசுதான். சமீபத்தில் வெளியூரில் ஒரு போட்டிக்குப் போனேன், எந்த ஊர், யார் நடத்தியது என்பதெல்லாம் வேண்டாம். எனக்கு இடப்பக்கம் நின்ற அண்ணன் ரெண்டு ஷாட்டுக்கு ஒரு தரம் ரைஃபிளை இறக்கி வைப்பார், அலன் கீயை எடுப்பார், கன்னம் வைக்கிற சீக் பீஸை ஏற்றுவார், அடுத்த ஷாட் முடிந்ததும் அதையே இறக்குவார். ஒரு தடவை அலன் கீ சிமெண்ட் தரையில் விழுந்து டங்கென்று சத்தம், சரியாக நான் டிரிகரில் விரல் வைத்த நேரம். ஷூவின் வெல்க்ரோவைப் பிய்த்துப் பிய்த்து ஒட்டுகிறார். 9 விழுந்தால் "ச்சே" என்று வாய்விட்டுச் சொல்கிறார். கையைத் தூக்கி ரேஞ்ச் ஆபீசரைக் கூப்பிட்டேன். "அவர் துப்பாக்கி, அவர் நேரம், நீங்க உங்க டார்கெட்டைப் பாருங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ரெண்டு கேள்வி. ஒன்று, அவர் சொன்னது சரியா? ரெண்டாவது, மேட்ச் ஓடும்போது நான் குறிபார்க்கிற சைட்டின் திருகைக் கிளிக் கிளிக்காகத் திருப்பலாமா கூடாதா? ஒருத்தர் தொடவே கூடாது என்கிறார், இன்னொருத்தர் ஒவ்வொரு ஷாட்டுக்கும் திருப்பச் சொல்கிறார். தலை சுற்றுகிறது.

கீழக்கரை_177
ரூல்படி ஆபீசர் சொன்னது பாதி சரி. எலக்ட்ரானிக் டார்கெட்டில் 15 நிமிடம் தயாராவதற்கும் சைட்டருக்கும் (கணக்கில் சேராத சோதனை ஷாட்), அப்புறம் 60 ஷாட்டுக்கு 75 நிமிடம். அந்த 75 நிமிடத்துக்குள் சைட்டைத் திருப்பலாம், தோளில் பதிகிற பட் பிளேட்டை ஏற்றலாம், வெயிட்டைக் கழற்றலாம், மாட்டலாம், மொத்த எடை 5.5 கிலோவைத் தாண்டாத வரைக்கும் யாரும் கேட்க முடியாது. ஆனால் சாமானைக் கீழே போடுவதும் வாயை விடுவதும் அதில் சேராது. அதற்கு ஆபீசர் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். சொல்லாமல் விட்டது அவர் தப்பு.

பழைய_என்சிசி
நாங்கள் கல்லூரியில் .22 பிடித்த காலத்தில் ஆர்மரியில் எந்த ரைஃபிள் கையில் வந்ததோ அதுதான். சீக் பீஸும் கிடையாது, பட் பிளேட்டும் கிடையாது. குப்புறப் படு, ஸ்லிங்கை இறுக்கு, மூச்சை விடு, டிரிகரை அழுத்து. குரூப்பிங் வந்தது. இப்போது ஆளுக்கொரு பெட்டி நிறைய ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், சுடுகிற நேரத்தைவிட முடுக்குகிற நேரம்தான் ஜாஸ்தி. திறமை கையில் இருக்கணும் தம்பி, பெட்டியில் இல்லை.

தொண்டி_டென்பாயிண்ட்நைன்
ஐயா, மரியாதையோடு சொல்கிறேன். அந்த .22-இல் நீங்கள் பார்த்தது ஒரு காசு அகலத்துக்குள் குரூப் வருகிறதா என்று. இங்கே 10 மீட்டர் டார்கெட்டில் பத்து வளையத்தின் குறுக்களவு வெறும் 0.5 மில்லிமீட்டர். தகுதிச் சுற்றில் டெசிமல் ஸ்கோர் வந்தபிறகு 0.25 மில்லிமீட்டர் தள்ளினால் 0.1 புள்ளி போகிறது. 10.9-உம் 10.2-உம் முன்னாடி ஒரே பத்து, இப்போது 60 ஷாட்டில் அந்த வித்தியாசம்தான் ஆளை மேலேயோ கீழேயோ தள்ளுகிறது. முடுக்காமல் எப்படி?

பழைய_என்சிசி
சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரெண்டு ஷாட்டுக்கு ஒரு தரம் சீக் பீஸை ஏற்றி இறக்குகிறவனுக்குத் தன்னுடைய அளவு தெரியாது என்றுதான் அர்த்தம். இதையும் நீங்கள் ஒத்துக்கொள்ளணும்.

சேதுக்கரை_ரேஞ்ச்
நான் கொஞ்ச காலமாக ரேஞ்சில் அதிகாரி வேலை பார்க்கிறேன், அதற்கு முன்னால் சுட்டவன். ரெண்டு பக்கமும் நின்று பார்த்ததால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தம்பியின் ரெண்டாவது கேள்வி. ஏனென்றால் அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் முதல் கேள்வி பாதி தீர்ந்துவிடும். மேட்ச் நடுவில் சைட்டைத் திருப்பலாம், திருப்ப வேண்டிய இடத்தில் திருப்பாமல் இருப்பதுதான் தப்பு. ஆனால் எதைப் பார்த்துத் திருப்புகிறோம்? மானிட்டரில் ஒரு ஷாட் வலது பக்கம் 9.8 என்று காட்டியதும் கை பின் சைட்டான டயாப்டருக்குப் போனால், நாளைக்கும் போய்க்கொண்டே இருக்கும். ஷாட் விட்ட மறுகணம், மானிட்டரைப் பார்ப்பதற்கு முன்னால், அது எங்கே போயிருக்கும் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். "கொஞ்சம் வலது, மூணு மணிப் பக்கம்." மானிட்டரும் அதையே சொன்னால் தவறு உங்களுடையது, சைட்டை விடுங்கள். "நடு மையம், அருமையான ஷாட்" என்று மனது சொல்லி மானிட்டர் வலது பக்கம் காட்டினால் ஒரு ஷாட் காத்திருங்கள். மறுபடியும் அதே. மூன்றாவதும் அதே இடத்தில் போய் உட்கார்ந்தால் தாராளமாகத் திருப்புங்கள். அதுவும் குரூப்பின் நடுவுக்குத்தான் திருப்பணும், கடைசி ஷாட்டுக்கு அல்ல.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. நின்றபடி கண்ணை மூடி, மூச்சை இழுத்து விட்டு, உடம்பைத் தளர்த்தி, கண்ணைத் திறந்து பாருங்கள். டார்கெட் தானாக நடுவில் நிற்கணும். ஒரு பக்கம் விலகி நின்றால் கையால் இழுத்து நடுவுக்குக் கொண்டுவராதீர்கள், பின்னங்காலை ஒரு விரல்கடை நகர்த்துங்கள். நான் பார்த்த வரையில் சைட்டைத் திருப்புகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் திருப்ப வேண்டியது காலைத்தான். தோளில் இறுக்கம் வந்து ரைஃபிள் ஒரு பக்கம் இழுக்கிறது, அதற்கு நாலு கிளிக் போடுகிறார்கள், பத்து நிமிடத்தில் தோள் தளர்ந்ததும் ஷாட் எதிர்ப்பக்கம் போகிறது, மறுபடி நாலு கிளிக். சைட் பாவம் என்ன செய்யும்?

சீக் பீஸும் பட் பிளேட்டும் வேறு கதை. ஒன்றை மாற்றினால் கண்ணின் இடம் மாறும், கண் மாறினால் சைட் மாறும், கழுத்து மாறும், நிற்கிற நிலையே மாறும். மேட்ச் தொடங்கிவிட்டால் சைட்டர் கிடையாது, நடுவர் குழுவான ஜூரி அனுமதித்தால் ஒழிய. அதாவது அளவு மாற்றிய பிறகு வருகிற ஷாட் ஒவ்வொன்றும் கணக்கில் ஏறும். அதனால் அந்த வேலையெல்லாம் பயிற்சியில் முடிந்திருக்கணும். ரைஃபிளில் எந்த ஸ்க்ரூ எந்தக் கோட்டில் நிற்கிறது என்று நோட்டில் எழுதி வையுங்கள். ஸ்க்ரூவின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் நெயில் பாலிஷால் ஒரு மெல்லிய கோடு போட்டுவிட்டால், தளர்ந்ததா இல்லையா என்று பார்த்த பார்வையில் தெரியும். பெட்டி ஆட்டோவிலும் பஸ்ஸிலும் குலுங்கி வந்த பிறகு அந்தக் கோடு உடைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் ஜாக்கெட்டே போடுவேன்.

ஒரே ஒரு விதிவிலக்கு. நம் கடற்கரைப் பக்கத்தில் பயிற்சி எடுத்துவிட்டு ஏசி போட்ட ரேஞ்சுக்குப் போகிறவர்களுக்கு ஜாக்கெட் மாறிவிடும். இங்கே உப்புக்காற்றிலும் வேர்வையிலும் கேன்வாஸ் தொளதொளவென்று தோளோடு படியும், அங்கே அரை மணி நேரத்தில் விறைத்து நிற்கும். பட் பிளேட் பழைய உயரத்தில் உட்காராது. அதற்காகச் சின்னதாக ஒரு மாற்றம் தேவைப்பட்டால் அந்த 15 நிமிடத்துக்குள் செய்து, சைட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். சைட்டருக்கு எண்ணிக்கை கணக்கு இல்லை, நேரம்தான் கணக்கு.

இனி முதல் கேள்வி. உங்கள் பக்கத்து லேன் அண்ணன் அலன் கீ எடுத்தது குற்றமில்லை. அதை டேபிளின் வெறும் பலகையில் வைத்ததுதான் பிசகு. ஒரு பழைய டவலை விரித்து அதன்மேல் வைத்திருந்தால் விழுந்திருக்காது, விழுந்தாலும் சத்தம் கேட்டிருக்காது. அப்புறம், பக்கத்தில் இருப்பவர் ரைஃபிளைத் தூக்கி கன்னம் வைத்துவிட்டார் என்றால் நம் சாமான் வேலையை நாலு விநாடி நிறுத்தினால் ஒன்றும் குடி முழுகிப்போகாது. ஓரக்கண்ணில் தெரியும்தானே.

நான் அந்த ரேஞ்சில் நின்றிருந்தால் அவர் பின்னால் போய், அவர் ரைஃபிளை இறக்கும்வரை காத்திருந்து, காதோடு ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். எல்லோருக்கும் கேட்கும்படி கண்டித்தால் அது இன்னொரு தொல்லை, எட்டு பேர் குறி கெடும்.

உச்சிப்புளி_லெஃப்ட்
நான் இடதுகைக்காரன். யாரும் பேசாத ஒரு விஷயம் சொல்கிறேன். நான் நின்றால் என் முகம் பக்கத்து லேன்காரரின் முகத்தைப் பார்த்து இருக்கும். அவர் கண் சிமிட்டுவது, உதட்டை நக்குவது எல்லாம் எனக்குத் தெரியும், அவருக்கும் அப்படியே. இதற்கு யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. முடிந்தால் ஓர லேன் கேட்டு வாங்குவேன். கிடைக்காவிட்டால் கண் மறைப்பு ஒட்டிக்கொள்வேன், அதற்கு அளவு உண்டு, பார்க்காத கண்ணுக்கு முன்னால் வைக்கிறது 30 மில்லிமீட்டர் அகலத்தைத் தாண்டக்கூடாது. அட்டைப் பெட்டியைக் கிழித்து முகம் பூராவும் மறைத்துக்கொண்டு வந்தவரை ஒரு தடவை பார்த்திருக்கிறேன், கருவிகளைச் சோதிக்கிற எக்யூப்மெண்ட் கண்ட்ரோலில் பிடுங்கிவிட்டார்கள்.

வாடைக்காத்து
அட்டைப் பெட்டி 😂 மாஸ்க் போட்டு ஜல்லிக்கட்டுக்குப் போன மாதிரி

பெரியபட்டினம்_உம்மா
சலாம். என் மகள் சப் யூத் என்கிற சிறுவர் பிரிவில் சுடுகிறாள், அவளைக் கூட்டிக்கொண்டு அலைகிறவள் நான்தான். சுடுகிற பிள்ளைகளைப் பற்றி எல்லோரும் எழுதுகிறீர்கள், பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற எங்களைப் பற்றி யாராவது எழுதுங்கள். ஒரு பிள்ளையின் அத்தா மானிட்டரைப் பார்த்து ஒவ்வொரு ஷாட்டுக்கும் "பத்து புள்ளி மூணு, ம்ம்ம், பரவாயில்லை" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அவர் பிள்ளையின் கழுத்து சிவக்கிறது. இன்னொருத்தர் போனில் வீடியோ எடுக்கிறார், ஃப்ளாஷ் எரிகிறது. எழுந்து போய்ச் சொல்லலாமா, நம்மையும் சேர்த்து வெளியே அனுப்பிவிடுவார்களா என்று பயந்து உட்கார்ந்திருந்தேன்.

கீழக்கரை_177
லாத்தா, நீங்கள் எழுந்து போக வேண்டாம், ரேஞ்ச் ஆபீசரைப் பார்த்துக் கையைக் காட்டுங்கள் போதும். ஃப்ளாஷ் போட்டு எடுப்பது மேட்ச் முடியும்வரை கூடாது, போனை சத்தம் இல்லாமல் வைக்கணும், இது பார்வையாளருக்கும் பொருந்தும். சுடுகிறவர்களோ லேனில் போனையே வைத்துக்கொள்ளக் கூடாது. பெரிய போட்டிகளின் ஃபைனலில் இப்போது பாட்டு போடுகிறார்கள், கைதட்டச் சொல்கிறார்கள், அதை டிவியில் பார்த்துவிட்டு மாவட்டப் போட்டியிலும் கத்தலாம் என்று நினைக்கிறார்கள். பாட்டும் கைதட்டலும் இருந்தாலும், ஒரே ஒரு பிள்ளையின் ஸ்கோரை அவள் காதுபட வாசிப்பது ஃபைனலில்கூட நல்ல பழக்கம் இல்லை.

பெரியபட்டினம்_உம்மா
நன்றி தம்பி. கோச் பின்னால் நின்று கையால் சைகை காட்டலாமா? அவளுடைய கோச் "வலது ரெண்டு" என்று விரலைக் காட்டினார், பக்கத்துக்காரர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள்.

சேதுக்கரை_ரேஞ்ச்
சர்வதேச ரூலில் வாய் பேசாத சைகைக்கு இடம் உண்டு அம்மா. லேனில் நிற்கும்போது சுடுகிறவர் ஜூரியிடமும் அதிகாரிகளிடமும் மட்டும்தான் பேசலாம். கோச்சோடு பேசணும் என்றால் ரைஃபிளைக் காலி செய்து, பேரல் காலி என்று காட்டுகிற சேஃப்டி ஃப்ளாக் போட்டு, அனுமதி கேட்டு, பின்னால் வந்து பேசணும், அந்த நேரம் திரும்பக் கிடைக்காது. சைகை காட்டுகிற கோச்சுக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளைக்குத் தானாகக் கிளிக் போடத் தெரியும்வரை மேட்சுக்கு அனுப்பாதீர்கள். விரலை விரலைப் பார்த்துச் சுடுகிற பிள்ளை டார்கெட்டைவிடக் கோச்சை அதிகம் பார்க்கிறது.

கோச்சுகளுக்கே இன்னொன்று. டயாப்டர் திருகின் மேல் உள்ள அம்புக்குறி எல்லாக் கம்பெனியிலும் ஒரே மாதிரி வேலை செய்யாது. சிலவற்றில் ஷாட் எந்தப் பக்கம் போகணுமோ அந்த அம்புப் பக்கம் திருப்பணும். ஜெர்மன் சைட்டுகள் பலவற்றில் ஷாட் எந்தப் பக்கம் போய்விட்டதோ அந்தக் குறிப் பக்கம் திருப்பினால்தான் நடுவுக்கு வரும். இரவல் ரைஃபிளோடு வருகிற பிள்ளைகள் இதில்தான் மாட்டுவார்கள். முதல் சைட்டரிலேயே பத்து கிளிக் ஒரு பக்கம் போட்டு, ஷாட் எந்தத் திசைக்கு ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

முகவை_50மீ
10 மீட்டர்காரர்கள் கூரைக்குக் கீழே நின்று சண்டை போடுகிறீர்கள். வெளியே வாருங்கள். 50 மீட்டரில் கிளிக் போடாமல் பிழைக்கவே முடியாது, காற்று ஒரு நிமிடம் இருக்கிற மாதிரி அடுத்த நிமிடம் இருக்காது.

ரேஞ்சில் 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் சின்னக் கொடி கட்டியிருப்பார்கள், 5 சென்டிமீட்டர் அகலம், 40 நீளம். வெளியூர்ப் பிள்ளைகள் அதைத்தான் பார்ப்பார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதற்கு முன்னாடியே முகத்தில் தெரியும். என் மாமா தங்கச்சிமடத்தில் வள்ளக்காரர், கொண்டல் அடிக்கிறதா, கச்சான் திரும்பிவிட்டதா, சோளகமா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அவரோடு வளர்ந்ததால் ஒரு பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது: காற்றின் வேகத்தைவிட அது மாறப்போகிற நேரத்தைப் பார்ப்பது. சரசரவென்று அடித்துவிட்டு ஒரு மூச்சு விடுமே, அந்த இடைவெளி எத்தனை நேரம் என்று சைட்டரிலேயே கணக்குப் பண்ணுவேன். அப்புறம் ஒரே நிலைமை திரும்பி வரும்போது மட்டும் சுடுவேன். கிளிக் ஒரு தடவை, காத்திருப்பது பல தடவை.

காற்று பக்கவாட்டில்தான் தள்ளும் என்று நினைக்காதீர்கள். பேரலின் முறுக்கு வலது பக்கமாக இருந்தால், வலமிருந்து வருகிற காற்று குண்டை இடது பக்கமும் கொஞ்சம் மேலேயும் தள்ளும், இடமிருந்து வந்தால் வலது பக்கமும் கொஞ்சம் கீழேயும். கடிகாரத்தில் பத்து மணிக்கும் நாலு மணிக்கும் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், அந்தக் கோட்டில்தான் ஓடும். வலது இடது மட்டும் திருப்பிவிட்டு "ஏன் மேலே போகிறது" என்று பட் பிளேட்டைக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கிராஸ் ஃபயரைப் பற்றி, அதாவது அடுத்தவர் டார்கெட்டில் சுட்டுவிடுவதைப் பற்றி, யாரும் சொல்லவில்லை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக், 50 மீட்டர் மூன்று நிலை, அமெரிக்காவின் மேத்யூ எம்மன்ஸ் கடைசி ஷாட்டுக்கு வரும்போது முதலிடம். சுமாராகச் சுட்டாலே தங்கம். சுட்டார், அவர் மானிட்டரில் ஒன்றும் வரவில்லை. பக்கத்து லேன் டார்கெட்டைச் சுட்டிருந்தார். பூஜ்யம், எட்டாவது இடம். இத்தனைக்கும் சில நாள் முன்னால் அதே ஏதென்ஸில் புரோன் (படுத்துச் சுடுகிற) பிரிவில் தங்கம் வாங்கியவர், அதுவும் இரவல் ரைஃபிளில், ஏனென்றால் அவருடைய சொந்த ரைஃபிளை யாரோ கெடுத்துவிட்டார்கள். ஆகவே, டிரிகரில் விரல் வைப்பதற்கு முன் லேன் எண்ணைப் பாருங்கள். அடுத்தவர் ரைஃபிளை, "சும்மா தூக்கிப் பார்க்கிறேன்" என்றுகூட, கேட்காமல் தொடாதீர்கள்.

தொண்டி_டென்பாயிண்ட்நைன்
அதே எம்மன்ஸ் 2008 பெய்ஜிங்கிலும் கடைசி ஷாட்டில் முன்னிலையில் இருந்தார், டிரிகர் எதிர்பார்த்ததற்கு முன்னாலேயே விட்டு 4.4. நாலாவது இடம். ஏர் ரைஃபிளில் டிரிகர் எடைக்குக் கீழ்வரம்பு கிடையாது என்பதால் நம் பிள்ளைகள் மூச்சு பட்டாலே விடுகிற அளவுக்கு இறக்கி வைக்கிறார்கள். டிரிகரை மட்டும் மேட்ச் நாளில் தொடாதீர்கள்.

வாடைக்காத்து
ஏதென்ஸ் கிராஸ் ஃபயருக்கு ஆறுதல் சொல்ல வந்த செக் நாட்டு வீராங்கனையைத்தான் எம்மன்ஸ் பிறகு கல்யாணம் செய்துகொண்டார். பூஜ்யத்திலும் ஒரு லாபம்.

பாம்பன்_லேன்7
அப்போ என் டார்கெட்டில் பக்கத்துக்காரர் சுட்டால்? சும்மா இருந்தால் எனக்கு ஒரு நல்ல ஷாட் கூடும்தானே என்று ஒரு நண்பன் கேட்கிறான், நான் கேட்கவில்லை.

சேதுக்கரை_ரேஞ்ச்
நண்பனிடம் சொல்லுங்கள்: சுடாமல் காத்திருந்து உடனே கையைத் தூக்கணும். யார் சுட்டது என்று தெரிந்தால் அது சுட்டவருக்கு மிஸ், உங்கள் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். மேட்ச் ஷாட்டுகளில் ஒன்று அதிகமாகிவிட்டால் எலக்ட்ரானிக் டார்கெட்டில் நேரத்தோடு பதிவாகும், பின்னால் கண்டுபிடிப்பார்கள். பேப்பர் டார்கெட்டில் கிழித்துப் பார்க்கிறபோது ஒரே வட்டத்தில் ரெண்டு ஓட்டை இருந்தால் சண்டைதான். பேப்பர் என்றதும் ஞாபகம் வருகிறது, சுட்ட பேப்பரில் ஓட்டையை விரலால் தடவாதீர்கள், கோட்டைத் தொட்டதா இல்லையா என்று கேஜ் வைத்துப் பார்க்கிற இடத்தில் உங்கள் விரல் நுனி போதும், ஓரம் மாறிவிடும்.

பழைய_என்சிசி
கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்? எலக்ட்ரானிக் எலக்ட்ரானிக் என்கிறீர்கள். எங்கள் பக்கம் மழைக்காலத்தில் ஒரு தூறல் விழுந்தால் கரண்ட் இருக்காது.

சேதுக்கரை_ரேஞ்ச்
நல்ல கேள்வி ஐயா. உங்கள் தவறு இல்லாமல் 3 நிமிடத்துக்கு மேல் தடைபட்டால் இழந்த நேரத்தைக் கேட்டு வாங்கலாம். 5 நிமிடத்துக்கு மேல் போனாலோ வேறு லேனுக்கு மாற்றினாலோ, கூடுதலாக 5 நிமிடமும் தொடங்குவதற்கு முன் சைட்டரும் உண்டு. கேட்காமல் யாரும் கொடுக்க மாட்டார்கள், அங்கேயே அப்போதே கேட்கணும். உங்கள் சொந்தக் கருவி கெட்டால் இந்தச் சலுகை கிடையாது. டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் பிஸ்டல் தகராறு செய்து நேரம் போயிற்று, கூடுதல் நேரம் கிடைக்கவில்லை, 2 புள்ளியில் ஃபைனல் தவறியது. அதனால்தான் ஓ ரிங்கிலிருந்து உதிரி டயாப்டர் வரைக்கும் பின்னால் கோச்சிடம் இருக்கணும் என்று சொல்வது.

இடமே ஆடினாலும் கேளுங்கள். 2004-இல் ஏதென்ஸ் ஃபைனலில் தன் காலுக்குக் கீழே ஓடு ஆடியது என்று அபினவ் பிந்த்ரா பின்னாளில் சொன்னார், அன்றைக்கு ஏழாவது. 2008-இல் தங்கம் வாங்கியது எல்லோருக்கும் தெரியும். மரப்பலகைத் தரை போட்ட ரேஞ்சில் பக்கத்துக்காரர் காலை மாற்றினால் உங்கள் மூக்குக்கண்ணாடி வரைக்கும் ஆடும், இதை முதல் சைட்டரிலேயே கவனித்துச் சொல்லிவிடணும், நாற்பதாவது ஷாட்டில் சொன்னால் சாக்கு என்பார்கள்.

பாம்பன்_லேன்7
ரொம்ப நன்றி எல்லோருக்கும். கடைசியாக ஒன்று, கொஞ்சம் தலைப்பை விட்டு விலகுகிறேன். பாம்பனில் வீடு என்பதால் இரும்புச் சாமான் எதுவும் உருப்படுவதில்லை, டயாப்டர் திருகு கிரகிரவென்று சுற்றுகிறது, கிளிக் சத்தமே கேட்கமாட்டேன் என்கிறது. ரைஃபிளின் சிலிண்டரில் காற்று அடைக்கவும் தூரம் போகவேண்டியிருக்கிறது. தெருமுனை வெல்டிங் பட்டறையில் பெரிய சிலிண்டர் இருக்கிறது, அதில் அடைத்துக்கொள்ளலாமா?

கீழக்கரை_177
தம்பி!!! வெல்டிங் பட்டறையில் இருப்பது ஆக்சிஜன். அதை ஏர் ரைஃபிள் சிலிண்டரில் அழுத்தத்தோடு ஏற்றினால் உள்ளே இருக்கிற துளி கிரீஸ், எண்ணெய் பட்டு வெடிக்கும். ஆஸ்பத்திரி ஆக்சிஜனும் அப்படித்தான். சத்தியமாக விளையாட்டில்லை. சுத்தமான, ஈரம் இல்லாத காற்று மட்டும்தான். டைவிங் செய்கிறவர்கள் வைத்திருக்கிற ஸ்கூபா டேங்கில் இருந்து அடைக்கலாம், அவர்களுடைய கம்ப்ரசரில் ஃபில்டர் ஒழுங்காக மாற்றுகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஈரக்காற்று போனால் ரெகுலேட்டர் உள்ளேயே துருப்பிடிக்கும். சர்ரென்று திறக்காமல் மெதுவாக ஏற்றுங்கள், சூடாகாது. சிலிண்டர் மேல் தேதி போட்டிருக்கும், 10 வருடம் தாண்டியதை எக்யூப்மெண்ட் கண்ட்ரோலில் விடமாட்டார்கள், விடவும் கூடாது.

முகவை_50மீ
துருவுக்கு: பெட்டிக்குள் இருக்கிற ஸ்பாஞ்ச்தான் முதல் எதிரி. ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு இரவு பூராவும் பேரலுக்குக் கொடுக்கும். பயிற்சி முடிந்து வந்ததும் பெட்டியில் வைத்துப் பூட்டாமல், துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒரு தடவு தடவி, ஃபேன் காற்றில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு மூடுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், மாதம் ஒரு தடவை வெயிலில் காய வையுங்கள். டயாப்டர் திருகு கிரகிரவென்றால் மணலும் உப்பும் உள்ளே போயிருக்கிறது. நீங்களாக எண்ணெய் ஊற்றினால் மணலோடு சேர்ந்து பசையாகிவிடும். தெரிந்தவரிடம் கொடுத்துப் பிரித்துத் துடைக்கச் சொல்லுங்கள். அதுவரைக்கும் ஒவ்வொரு கிளிக்கையும் விரலில் எண்ணாமல் மானிட்டரில் சரிபாருங்கள்.

பெல்லட் டப்பாவையும் பாருங்கள், ஈயத்தின் மேல் வெள்ளையாக மாவு மாதிரி பூத்திருந்தால் அந்த டப்பா பயிற்சிக்குக்கூட வேண்டாம். பெல்லட் தொட்ட கையோடு வடையைத் தின்னாதீர்கள், சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

பெரியபட்டினம்_உம்மா
இவ்வளவு பேசியாயிற்று, இதையும் சொல்லிவிடுங்கள். செப்டம்பர், அக்டோபரில் மாவட்டத்தில் தடை உத்தரவு போடுகிற நாட்களில் செக்போஸ்ட்டில் அந்த நீளப் பெட்டியைப் பார்த்தாலே பஸ்ஸை நிறுத்திவிடுகிறார்கள். பிள்ளை பயந்துவிடுகிறாள், பஸ்ஸில் எல்லோரும் எங்களையே பார்க்கிறார்கள்.

சேதுக்கரை_ரேஞ்ச்
பெட்டியைப் பூட்டி வையுங்கள், சிலிண்டரைக் கழற்றித் தனியாக, சேஃப்டி ஃப்ளாக் பேரலில் இருக்கட்டும். ரைஃபிள் பில், சங்க அடையாள அட்டை, போட்டிக்கான அழைப்பு அல்லது நுழைவுச் சீட்டு, மூன்றிலும் நகல் எடுத்து ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பெட்டியின் வெளிப்பாக்கெட்டில் வையுங்கள். கேட்டதும் பெட்டியைத் திறக்காமல் உறையை முதலில் நீட்டுங்கள். "துப்பாக்கி" என்று பஸ்ஸுக்குள் சொல்ல வேண்டாம், "ஸ்போர்ட்ஸ், ஏர் ரைஃபிள், பேப்பர் இருக்கு சார்" என்று மெதுவாகச் சொன்னால் போதும், கீழே இறங்கிக் காட்டிவிட்டு ஏறலாம். .22-ஐ இந்த மாதிரி பஸ்ஸில் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள், அது லைசென்ஸ் சமாச்சாரம், கிளப் மூலமாகத்தான் போகணும்.

பாம்பன்_லேன்7
எல்லாம் எழுதிக்கொண்டேன். வெல்டிங் பட்டறைக்காரரிடம் சொன்னேன், அவரும் "உன்னை யார்ரா ஏற்றச் சொன்னது" என்று திட்டினார். டவல் வாங்கிவிட்டேன். அடுத்த போட்டியில் அந்த அண்ணனைப் பார்த்தால் அவருக்கும் ஒன்று கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன், குத்திக்காட்டுகிற மாதிரி ஆகிவிடுமா?

உச்சிப்புளி_லெஃப்ட்
மேட்சுக்கு முன்னாடி கொடுத்தால் குத்திக்காட்டல். முடிந்தபிறகு டீக்கடையில் கொடு. அவன் ஸ்கோர் என்ன என்று மட்டும் கேட்காதே.